உட்கூட்டில் பிறக்கும் துரு: ஜெர்மன் கிளாசிக் கார்களின் உலோகப் பாதுகாப்பு வரலாறு

1965-இல் செய்த போர்ஷே 911 ஒன்றும் 1977-இல் செய்த இன்னொரு 911-உம் ஒரே பட்டறைக்குப் புதுப்பிக்க வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கூரையின் சரிவும் ஜன்னலின் கோடும் இரண்டிலும் ஒன்றுதான். பெயின்ட், தார், துரு எல்லாவற்றையும் உரித்தெடுக்க முழு பாடியையும் காரத் தொட்டியிலும் அமிலத் தொட்டியிலும் அடுத்தடுத்து இறக்குவது இந்தத் தொழிலில் பழகிய முறை. 1965-ஆம் ஆண்டுக் கார் அந்தத் தொட்டிகளிலிருந்து சுத்தமான வெறும் எஃகாக வெளியே வரும். 1977-ஆம் ஆண்டுக் காரை இறக்கினால், தகட்டின் இருபுறமும் ஆலையிலேயே ஏறியிருந்த துத்தநாகம் கரைந்து போய்விடும். முதல் காருக்கு வைத்தியமாக இருப்பது இரண்டாவது காரின் கவசத்தைக் கழற்றிவிடுகிறது.

இரண்டு கார்களுக்கும் இடையே கடந்தது 12 ஆண்டுகள்தான். ஆனால் துருவைப் பற்றிய ஜெர்மன் தொழிற்சாலைகளின் புரிதல் அதற்குள் தலைகீழாகிவிட்டது. கார் வெளியிலிருந்து துருப்பிடிக்கிறது, நல்ல பெயின்ட் அடித்தால் தப்பிக்கும் என்பதுதான் தொடக்ககால எண்ணம். துரு பிறப்பது பெயின்ட் துப்பாக்கி எட்டாத உட்கூடுகளில் என்ற உண்மை தொழிற்சாலை நடைமுறையாக மாற ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்தந்தக் காலத்துக் கார்களின் தகட்டில் பதிந்திருக்கிறது. ஆகவே புதுப்பிப்பவருக்குக் காரின் தயாரிப்பு ஆண்டே முதல் தொழில்நுட்பத் தகவல்.

மரச்சட்டம் போய் எஃகுப் பெட்டி வந்தது

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான கார்களுக்குத் தடித்த எஃகுச் சேசிஸ் தனியாக இருந்தது. அதன்மேல் மரச்சட்டம், சட்டத்தின்மேல் தகடு. டிகேடபிள்யூ நிறுவனம் சிறிய கார்களில் தகட்டையும் விட்டுவிட்டு, ஒட்டுப்பலகையின் மேல் செயற்கைத் தோலைப் போர்த்தியது. அந்தக் கார்களுக்குத் துருவைவிட மரம் உளுத்துப்போவதே பெரிய கவலை. தடித்த சேசிஸ் துருப்பிடித்தாலும் பலம் இழக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

1935-இல் வந்த ஓப்பல் ஒலிம்பியா இந்தக் கணக்கை மாற்றியது. சேசிஸும் பாடியும் ஒன்றேயான முழு எஃகுக் கட்டமைப்பு, ஜெர்மனியில் பெருந்தொகையாகத் தயாரான ஒரு காரில் முதன்முதலாக வந்தது. மெல்லிய தகடுகளை மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்துப் புள்ளிப் பற்றவைப்பால் இணைத்தால் உள்ளே குழிவான பெட்டி உருவாகும். காரின் பலம் முழுவதும் அந்தப் பெட்டிகளில்தான். எடை குறைந்தது, உறுதி கூடியது. கூடவே, எவர் கண்ணுக்கும் படாத மூடிய அறைகளும் காருக்குள் வந்து சேர்ந்தன.

ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகளின் இடுக்கில் தண்ணீர் தானாக ஏறிக்கொள்ளும், எளிதில் காயாது. இடுக்கின் வாயில் ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, ஆழத்தில் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறிய மின்கலம்போல் வேலை செய்து, ஆக்ஸிஜன் குறைந்த ஆழப்பகுதியின் இரும்பைக் கரைக்கிறது. சாலையிலிருந்து உப்பு சேர்ந்தால் குளோரைடு அயனிகள் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. உருவாகும் துரு, கரைந்த இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பற்றவைத்த தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே சல்லடை.

தனிச் சேசிஸும் முழு ஒற்றைக் கூடும் சந்திக்கும் இடத்தில் நிற்பது வோல்க்ஸ்வாகன் பீட்டில். அதன் தரைத்தகடும் மேல்பாடியும் தனித்தனி, நடுவில் ரப்பர் பட்டை வைத்து போல்ட்டால் முடுக்கியவை. இருபுறமும் கதவுக்குக் கீழே ஓடும் குழாய் போன்ற பெட்டிக்கு இரட்டை வேலை. காரின் ஓரத்தைத் தாங்குவதும் அதுதான், பின்னாலிருக்கும் எஞ்சினிலிருந்து சூடான காற்றை முன்னால் கொண்டுவருவதும் அதுதான். வெப்பமும் ஈரமும் மாறி மாறி ஓடும் அந்தப் பெட்டி உள்ளிருந்தே அரிக்கும். பின்னிருக்கையின் அடியில் வைத்த பேட்டரியிலிருந்து அமிலம் சிந்தித் தரைத்தகட்டில் ஓட்டை விழும். பீட்டிலைப் புதுப்பிக்கும் எவரும் முதலில் தட்டிப் பார்ப்பது இந்த இரண்டு இடங்களைத்தான்.

பாஸ்பேட், சிந்தூரம், தார்

எஃகின் மேற்பரப்பை வேதியியலால் பதப்படுத்தும் முயற்சி கார்களுக்காகத் தொடங்கியதல்ல. 1906-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1915-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய பார்க்கர் நிறுவனம் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டின் மெட்டால்கெசல்ஷாஃப்ட் நிறுவனம் 'போண்டர்' என்ற பெயரில் இதைப் பரப்பியது.

பாஸ்பேட் படலம் மட்டும் துருவைத் தடுத்துவிடாது. நுண்ணிய படிகங்களாகத் தகட்டில் வளர்ந்து, மேலே வரும் பிரைமருக்குப் பிடிமானம் தருவதும், பெயின்ட் கீறிய இடத்தில் துரு பக்கவாட்டில் ஊர்ந்து பரவாமல் தடுப்பதுமே அதன் பணி. பெயின்ட் எட்டாத இடத்தில் பாஸ்பேட் இருந்தும் பெரிய பயனில்லை. பிரைமருக்கு ஈயச் சிந்தூரம், பிறகு குரோமேட் கலந்தவை, அடிப்பகுதிக்குத் தார். 1950-களின் பாதுகாப்பு இவ்வளவே. தார் வயதாக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தாருக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிவிடும். பழைய தாரைச் சுரண்டும்போது கருப்புத் தோலோடு தகடும் உதிர்ந்து வருவது இதனால்தான்.

இந்தக் காலத்துக் கைவேலையின் அழகும் ஆபத்தும் ஒருங்கே தெரிவது ஓஸ்னாப்ரூக் நகரின் கார்மன் தொழிற்சாலையில். 1955 முதல் அங்கே தயாரான கார்மன் கியாவின் முன்பகுதியில் ஓர் இணைப்புக்கோடுகூடக் கண்ணில் படாது. பல தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புகளின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கிப் பூசி, அரத்தால் ராவி ஒரே வளைவாக்கினார்கள். பற்றாசு பிடிக்க முதலில் அமிலத்தன்மையுள்ள இளக்கியைத் தடவவேண்டும். அதைக் கழுவாமல் விட்ட இடத்தில் பற்றாசின் அடியில் துரு பிறந்தது. முன்சக்கர மூடிகள் பாடியோடு பற்றவைக்கப்பட்டவை, பீட்டிலைப்போல் போல்ட்டைக் கழற்றி மாற்ற முடியாது. துருவை எடுக்க வேண்டுமானால் அறுத்தே ஆகவேண்டும். பின்னாளில் இதே கார்மன் 1968 முதல் 1975 வரை கட்டிய பிஎம்டபிள்யூ ஈ9 கூபே எத்தனை அழகுக்குப் பெயர்பெற்றதோ அத்தனை துருவுக்கும் பெயர்பெற்றது.

உப்பும் சோதனை வில்லையும்

1960-களில் ஜெர்மனியில் கார்கள் பெருகின. பனிக்காலத்தில் சாலைகளைத் திறந்துவைக்க உப்பு தூவுவதும் பெருகியது. அதே காலத்தில் பழுதான கார் சாலையில் ஓடுவதும் கடினமாயிற்று. 1951-இலேயே மேற்கு ஜெர்மனி கார்களுக்குக் குறித்த காலத்தில் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 1961-இல் நம்பர் பிளேட்டில் சோதனை வில்லை ஒட்டும் வழக்கம் வந்தது. பாரம் தாங்கும் பகுதியில் துரு ஓட்டை இருந்தால் வில்லை கிடைக்காது. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் காரின் ஆயுளை முடிப்பது கதவடிப் பெட்டியில் விழுந்த ஒரு பொத்தல் என்ற நிலை உருவானது. கார் வாங்கியவர்கள் தாங்களே அடிப்பகுதியில் பழைய எண்ணெயைத் தெளித்தார்கள். உட்கூட்டுக்குள் மெழுகு பீய்ச்சும் தனிப் பட்டறைகளும் முளைத்தன.

எல்லைக்கு அப்பால், கிழக்கு ஜெர்மனியில், எஃகுத் தகட்டின் பஞ்சம் வேறொரு தீர்வைக் கொடுத்தது. ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை முப்பது லட்சத்துக்கும் மேல் தயாரான டிராபான்ட்டின் வெளித்தோல் பருத்திக் கழிவும் பீனால் பிசினும் சேர்த்து அழுத்திய ட்யூரோபிளாஸ்ட். அது துருப்பிடிக்கவே பிடிக்காது. ஆனால் தோலைத் தாங்கும் எலும்புக்கூடு எஃகு. தரையும் கதவடிப் பெட்டியும் அரித்துத் தின்னப்பட்டாலும் வெளித்தோல் புத்தம் புதிதாகவே காட்சி தரும். டிராபான்ட் வாங்கப்போகும் சேகரிப்பாளர் காரின் பளபளப்பை நம்புவதில்லை, படுத்துக்கொண்டு அடிப்பகுதியைப் பார்க்கிறார்.

போர்ஷே செய்த மூன்று சோதனைகள்

திருப்பம் ஸ்டுட்கார்ட் நகரின் ட்சுஃபென்ஹவுசன் பகுதியில் நிகழ்ந்தது. 1967-இல் போர்ஷே துருப்பிடிக்காத எஃகால் சில 911 பாடிகளைக் கட்டிப் பார்த்தது. அவற்றில் ஒன்று ம்யூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் சேர்ந்தது. துருவின் கதையை ஒரே அடியில் முடித்துவிடக்கூடிய உலோகம்தான். ஆனால் அதை அச்சில் அழுத்தி வளைப்பது கடினம், பற்றவைப்பதும் பெயின்ட் பிடிக்கவைப்பதும் தொல்லை, விலையோ எட்டாது. தொடர் உற்பத்திக்கு அது போகவில்லை.

இரண்டாவது சோதனை 1973-இல் பிராங்க்பர்ட் கார் கண்காட்சியில் வெளிவந்த நீண்ட ஆயுள் ஆய்வுக் கார். 20 ஆண்டுகள் அல்லது 3,00,000 கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்பது இலக்கு. எண்ணெய் நெருக்கடி கதவைத் தட்டிய ஆண்டு அது. காரை அடிக்கடி மாற்றுவதைவிட ஒரே காரை நெடுநாள் ஓட்டுவது மூலப்பொருளையும் ஆற்றலையும் மிச்சப்படுத்தும் என்பது அதன் பின்னிருந்த வாதம்.

மூன்றாவதுதான் விற்பனைக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்திலேயே அடிப்பகுதித் தகடுகளில் துத்தநாகம் பூசிப் பார்த்திருந்த போர்ஷே, 1976 மாடல் ஆண்டிலிருந்து இருபுறமும் உருகிய துத்தநாகத்தில் தோய்த்த தகட்டால் 911-இன் பாடியைக் கட்டத் தொடங்கியது. துரு அரித்து ஓட்டை விழாது என்று ஆறு ஆண்டு உத்தரவாதமும் கொடுத்தது. 1980-களின் நடுவில் அது பத்து ஆண்டாக உயர்ந்தது.

துத்தநாகப் பூச்சு புதிய கண்டுபிடிப்பல்ல. பிரான்ஸின் சோரெல் 1837-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். காருக்கு அது ஏன் பெரிய மாற்றம் என்றால், பெயின்ட் ஒரு மறைப்பு மட்டுமே, மறைப்பு கிழிந்தால் இரும்பு அம்பலம். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அயனியாகும் உலோகம். கீறல் விழுந்த இடத்தில் ஈரம் பட்டால் முதலில் அது கரைகிறது, அருகிலுள்ள இரும்பு தப்பிக்கிறது. தகடு ஆலையிலேயே பூச்சோடு வருவதால், பாடியாக மடிந்த பிறகு எந்தக் கையும் எட்டாத உட்சுவரிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போக முயன்ற பழைய முறைகளுக்கு எதிர்த்திசையில், உள்ளும் புறமும் ஒன்றாகப் பிறந்த முதல் கவசம் இது.

மற்றவர்கள் வேறு வேறு வழிகளில் வந்தார்கள். 1985-இல் ஆடி 100, 200 மாடல்களின் பாடி முழுவதும் துத்தநாகப் பூச்சுக்கு மாறியது. 1983-இன் இரண்டாம் தலைமுறை கோல்ஃபில் வோல்க்ஸ்வாகன் உட்கூடுகளைச் சூடான மெழுகால் நிரப்பி, மிகுதியை வடியவிட்டது. இதற்கிடையே, பாடியைப் பிரைமர் தொட்டியில் மூழ்கடித்து மின்சாரத்தால் பூச்சைப் படியவைக்கும் மின்பூச்சும் தலைகீழானது. அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் வளர்த்தெடுத்த முறையில் பிரைமர் தொட்டியில் மூழ்கிய பாடி நேர்மின்வாயாக இருந்தது. அதில் பூச்சு படியும்போதே தகட்டிலிருந்து சிறிது இரும்பும் கரையும். 1970-களின் நடுவில் பாடியை எதிர்மின்வாயாக்கும் முறை வந்ததும் அந்தக் குறை நீங்கியது. 1980-களுக்குள் அது உலகத் தொழிற்சாலைகளின் பொது வழக்கமாயிற்று.

பட்டறையில் அரை நூற்றாண்டு

இன்றைய புதுப்பிப்பாளர் 1960-களின் காரை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைகள் ஐம்பது ஆண்டுகளில் கற்றதை ஒரே பாடியின்மேல் வரிசையாகச் செய்கிறார். ஒவ்வொரு படியிலும் பழைய காலத்துத் தகடு முரண்டு பிடிக்கிறது.

முதல் வேலை உரிப்பது. மணலைப் பீய்ச்சினால் வேகமாக முடியும். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கூரைத்தகடும் பானெட்டும் அடிதாங்காமல் நெளியும், குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். எனவே பெரிய சமதளங்களுக்குப் பிளாஸ்டிக் துகள் அல்லது சோடா, தடித்த பகுதிகளுக்குக் கண்ணாடி மணி என்று பிரித்துக்கொள்கிறார்கள். எந்தத் துகளும் மூடிய பெட்டிக்குள் போகாது, அங்கே போவது தொட்டித் திரவம் மட்டும்தான். அதே திரவம் இடுக்கில் தங்கிவிட்டால், புதுப் பெயின்ட் அடித்துச் சில மாதங்கள் கழித்து இணைப்புக்கோட்டில் கசிந்து கறையாக வெளிவரும். தொட்டியிலிருந்து எடுத்தபின் நடுநிலையாக்குவதும் கழுவுவதும் காயவைப்பதும் துருவெடுப்பதற்கு இணையான பெரிய வேலை.

அடுத்தது எதிர்மின்வாய் மின்பூச்சு. ஜெர்மனியில் பழைய கார்களின் பாடியை இதற்காகவே தொட்டியில் இறக்கித் தரும் நிறுவனங்கள் உள்ளன. பூச்சின் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான், சூளையின் வெப்பம் ஏறத்தாழ 180 டிகிரி. இங்கேதான் கார்மன் காலத்துக் கைவேலை குறுக்கே வருகிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு இளகத் தொடங்குவது 183 டிகிரியில். சூளை கொஞ்சம் மிஞ்சினால், பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி ராவிய வளைவு வழிந்துவிடும். ஆதலால் சிலர் பற்றாசை முழுவதும் எடுத்துவிட்டு, மின்பூச்சு முடிந்தபின் வேறு நிரப்பியால் வடிவம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் காற்று. 1960-களின் பாடியைத் தொட்டியில் மூழ்கடிப்பதற்கென்று யாரும் வடிவமைக்கவில்லை. கூரைச் சட்டத்தின் மூலையில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அந்த இடம் நனையவே நனையாது. மின்புலமும் மூடிய பெட்டிக்குள் எளிதில் நுழையாது. வெளிச்சுவரில் முழுதாகப் படிந்த பூச்சு உட்சுவரின் ஆழத்தில் மெலிந்து நின்றுவிடும். பெட்டியில் கூடுதலாகத் துளைகள் போடவேண்டும், சில சமயம் உள்ளே துணை மின்வாயும் வைக்கவேண்டும். மின்பூச்சு முடிந்தது என்பதால் உட்கூடு பாதுகாப்பானது என்று எண்ணிவிட முடியாது.

துத்தநாகத் தகட்டுக் கார்களின் கதை வேறு. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். எஃகு உருகவோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்தால் கோட்டின் இருபுறமும் பூச்சு எரிந்து, வெள்ளைப் புகையாகப் போகும். அந்தப் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சலும் தரும். வெப்பத்தைக் குறைக்க, செம்பும் சிலிக்கானும் கலந்த கம்பியால் பற்றாசு வைக்கும் முறையைப் பலர் கையாள்கிறார்கள். முழு பாடியையும் மறுபடி உருகிய துத்தநாகத்தில் தோய்க்கலாமே என்றால், ஏறத்தாழ 450 டிகிரி வெப்பத்தில் மெல்லிய தகடுகள் முறுக்கிக்கொள்ளும். 1976-க்குப் பிந்தைய 911-இல் இழந்த பூச்சை அதே வடிவில் திரும்பப்பெற வழியில்லை என்பதால்தான், அதை உரிப்பதற்கு முன் இவ்வளவு யோசிக்கிறார்கள்.

மெர்சிடிஸின் 'பகோடா' என்று பெயர்பெற்ற 1963–1971 ஆண்டு எஸ்எல்-இல் மூன்றாவது வகைச் சிக்கல். பாடி எஃகு, ஆனால் பானெட், டிக்கி மூடி, கதவுத் தோல் அலுமினியம். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். அங்கே பிரைமரைவிட, இடையே வைக்கும் காப்புப் பட்டைக்கும் திருகைச் சுற்றித் தடவும் பசைக்கும் முதலிடம்.

மெழுகா, கொழுப்பா?

பெயின்ட் வேலை முடிந்த பிறகும் உட்கூடு மிச்சமிருக்கிறது. அங்கே துருவை முழுவதும் எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டே தொழில் நடக்கிறது. ஒரு வழி துரு மாற்றி. டானின் அமிலம் துருவோடு சேர்ந்து கருநிறச் சேர்மமாகிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டதும் மை கறுப்பதும் இதே வேதியியல்தான். துருவின் மேலடுக்கை அது மாற்றும். தடித்த துருவின் அடியில் உப்பு இருந்தால் அரிப்பு தொடரும்.

மற்றொரு வழி ஆக்ஸிஜனையும் நீரையும் அடைத்து வைப்பது. இதில் ஜெர்மன் ஆர்வலர்கள் இரண்டு அணி. நவீன மெழுகு சுத்தமான தகட்டில் நன்றாக ஒட்டும், தெளிப்பது எளிது, ஆனால் காய்ந்தபின் நகராது. மைக் சாண்டர்ஸ் என்ற பெயரில் விற்கும் கொழுப்பு போன்ற பொருளை 100 டிகிரிக்கும் மேல் உருக்கி, நீண்ட குழாயால் பெட்டிக்குள் பீய்ச்சவேண்டும். தகட்டில் பட்டதும் அது உறையும். கோடை வெயிலில் மறுபடி இளகி இடுக்குகளுக்குள் ஊர்ந்துகொண்டே போகும். அந்த ஊர்தல்தான் அதன் பலம். வெயில் நாளில் வடிகால் துளைகளிலிருந்து சொட்டித் தரையைக் கறையாக்குவதும் அதே ஊர்தல்தான். துரு படிந்த பழைய இணைப்புகளுக்குக் கொழுப்பும், புதிதாகப் பூசிய உட்கூட்டுக்கு மெழுகும் என்பது பலர் வந்து சேர்ந்திருக்கும் நடைமுறை. எதைப் பீய்ச்சினாலும் வடிகால் துளைகளை மூடக்கூடாது.

அசல் எது?

1997-இல் ஜெர்மனி வரலாற்று வாகனங்களுக்கு எச் எழுத்துடன் நம்பர் பிளேட் கொடுக்கத் தொடங்கியது. காருக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், நிலையும் அசலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பழங்கார்களின் உலக அமைப்பான ஃபிவா 2013-இன் டூரின் சாசனத்தில் ஒரு படி மேலே போனது. புதிதாக்குவதைவிடப் பாதுகாப்பதற்கு முன்னுரிமை, செய்த மாற்றங்களுக்கு ஆவணம் என்பது அதன் போக்கு.

இந்த அளவுகோலில் 1965-ஆம் ஆண்டுக் காருக்கு மின்பூச்சு என்பது காலத்துக்குப் பொருந்தாத ஒன்று. அந்த பாடி அதைக் கண்டதே இல்லை. ஆனாலும் ஆர்வலர்கள் பெரும்பாலும் அதை ஏற்கிறார்கள், ஏனென்றால் அது பெயின்டுக்கு அடியில் மறைகிறது, அசல் தகட்டையும் காப்பாற்றுகிறது. கண்ணில் படும் தாரின் கரடுமுரடு, பற்றவைப்புப் புள்ளிகளின் எண்ணிக்கை, தகட்டின் மடிப்பு ஆகியவற்றில்தான் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். போர்ஷே மியூசியம் 2014-இல் ஒரு கொட்டகையிலிருந்து வாங்கிய 57-ஆம் எண் 901 இதற்கு நல்ல சான்று. 911-க்கு முதலில் இட்ட 901 என்ற பெயரோடு 1964-இல் பிறந்த மிகச்சில கார்களுள் அது ஒன்று. முன்சக்கர மூடிகள் இல்லை, துரு தின்ற பகுதிகள் ஏராளம். புதுத் தகட்டால் முழு பாடியையும் திரும்பக் கட்டுவது எளிதாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக அதே காலத்து இன்னொரு 911-இலிருந்து தேவையான பகுதிகளை அறுத்தெடுத்துப் பொருத்தினார்கள், இருந்ததில் முடிந்த அளவைத் தக்கவைத்தார்கள். வேலை மூன்று ஆண்டு நடந்தது. 2017 டிசம்பரில் கார் காட்சிக்கு வந்தது.

அண்மைக் காலத்தில் ஒரு பகுதியினர் உரிப்பதையே தவிர்க்கிறார்கள். தொழிற்சாலைப் பெயின்ட் மிஞ்சியிருக்கும் காரில் துரு தெரியும் இடத்தை லேசாகத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயைத் தடவி, உட்கூட்டில் கொழுப்பைப் பீய்ச்சி அப்படியே நிறுத்துகிறார்கள். அடுத்த சோதனை வில்லைக்கு முன் பாரம் தாங்கும் பெட்டிகளை மட்டும் பற்றவைத்துச் சரிசெய்கிறார்கள். 1950-களின் தாரும் சிந்தூரமும் எந்த முறையில், எந்த அடுக்கில் பூசப்பட்டன என்பதைப் படிக்க விரும்பும் ஆய்வாளருக்கு இன்று மிஞ்சியிருக்கும் மூலச் சான்றுகள் அந்தக் கார்களில்தான் உள்ளன.